தனித்து நிற்கும் தமிழ்வழி ஆசிரியருக்கு மின்தொகுப்பு: முதல் படம் முதல் பகிர்வு வரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை, கோவிந்தாபுரம் பக்கமுள்ள பள்ளிகளில் தமிழ்வழி வகுப்பெடுக்கும் ஆசிரியர் பெரும்பாலும் தம் பாடத்துக்குத் தனி ஆளாகவே இருக்கிறார். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதே பாடத்தை மலையாள வழியில் நடத்துபவராக இருப்பார், நல்ல துணைதான். ஆனாலும் வீட்டில் தமிழும் தெருவில் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்து, ஒரே வாக்கியத்தில் 'வட்டம்' என்றும் அதையே மலையாளத்தில் 'விருத்தம்' என்றும் சொல்லும் நம் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை அவரோடு உட்கார்ந்து அலசுவது எளிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்ப் பிள்ளைகளைப் போன்ற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்காக, அதே ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் 350-அ பிரிவைச் சேர்த்தது; தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்து தரவேண்டும் என்பது அதன் சாரம். கேரளப் பாடநூல்கள் தமிழில் வருகின்றன, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் கிடைக்கிறது. பாடம் நடத்திய அனுபவத்தைப் பேசிப் பகிர ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளை ஊர் தாண்டித் தேடிக்கொள்வதற்கான வழியாகவே டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவை, அதாவது ஆசிரியரின் மின்தொகுப்பை, நான் பார்க்கிறேன். நான் படிப்படியாகச் செய்து பழகிய முறையை இங்கே எழுதுகிறேன்.

எதைத் தொகுப்பு என்கிறோம்

ஓவியரும் கட்டடக் கலைஞரும் தங்கள் வேலையைக் காட்டக் கையோடு கொண்டுபோகும் படைப்புக் கட்டைத்தான் போர்ட்ஃபோலியோ என்பார்கள். ஆசிரியர் பணியைச் சான்றுகளின் தொகுப்பைக் கொண்டு மதிப்பிட முடியுமா என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ஷுல்மன் தலைமையிலான குழு 1980-களின் பிற்பாதியில் விரிவாக ஆராய்ந்தது. கற்பித்தல் என்பது மூடிய கதவுக்குள் தனிமையில் நடந்து, அன்றே மறைந்துபோகிறது என்பது அவர் மீண்டும் மீண்டும் சொன்ன குறை.

பயிற்சிச் சான்றிதழ்கள், பரிசு வாங்கிய படங்கள், ஆண்டு விழாக் காட்சிகள் ஆகியவற்றை அடுக்கி வைப்பது வேறு ஒரு கோப்பு. அதற்கும் தேவை உண்டு, ஆனால் அதைப் பார்த்து இன்னோர் ஆசிரியர் நாளைய வகுப்பை மாற்றிக்கொள்ள முடியாது. நான் சொல்லும் மின்தொகுப்பின் ஒவ்வொரு பதிவிலும் மூன்று பொருள்கள் இருக்கவேண்டும்: வகுப்பில் செய்தது என்ன என்பதற்கான சான்று, பிள்ளை எழுதியதோ பேசியதோ ஒன்று, இரண்டையும் பார்த்தபின் ஆசிரியர் யோசித்தது. மூன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் படத்தொகுப்பு.

நமக்கு இது புதிதும் அல்ல. டீச்சிங் மேனுவலில், அதாவது பாடக் குறிப்பேட்டில், ஒரு பக்கம் செயல்பாடுகளையும் எதிர்ப்பக்கம் பிரதிகரணக் குறிப்புகளையும் (பிள்ளைகளின் எதிர்வினைகளையும்) எழுதிப் பழகியவர்கள் நாம். அந்த எதிர்ப்பக்கத்தை உண்மையாக எழுதி, சான்றோடு சேர்த்து, இன்னொருவர் படிக்கும் இடத்தில் வைப்பதே இந்த வேலை முழுவதும்.

முதல் படி: ஒரு கேள்வியோடு தொடங்குதல்

'என் கற்பித்தல்' என்று பொதுவாகத் தொடங்கிய தொகுப்புகள் இரண்டாம் மாதத்திலேயே நின்றுவிடுகின்றன. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஓணப் பரீட்சை வரைக்குமான ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். 'ஆறாம் வகுப்பில் தசம எண்களை ஏன் தலைகீழாக ஒப்பிடுகிறார்கள்?', 'நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்மொழியாக நன்றாகச் சொல்லும் கதையை எழுதும்போது ஏன் மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள்?' என்ற அளவுக்குக் கேள்வி சிறியதாகவும், வகுப்பறைக்குள் விடை தேடக்கூடியதாகவும் இருக்கட்டும். கேள்வி இருந்தால் எதைப் படம் எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு நாளும் குழம்ப வேண்டியதில்லை.

இரண்டாம் படி: சேகரித்தல்

சேகரிப்பதற்குத் தனி நேரம் ஒதுக்க முடியாது. வகுப்பு முடியும் நிமிடங்களிலேயே அது நடக்கவேண்டும். நான் மூன்று பழக்கங்களை வைத்திருக்கிறேன். கரும்பலகையை அழிப்பதற்கு முன் ஒரு படம். அன்றைய வேலையில் மூன்று நோட்டுகளின் படம்: புரிந்துகொண்ட பிள்ளை ஒன்று, பாதி வழியில் நிற்கும் பிள்ளை ஒன்று, புரியாத பிள்ளை ஒன்று. மூன்றாவதாக, பாடத்தின் முக்கியமான ஐந்து நிமிடத்துக்கு மேசையில் போனை வைத்து ஒலிப்பதிவு. இந்த மூன்றில் ஒலிப்பதிவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மிகுதியாகக் கற்றுத்தருவது அதுதான் என்பதைக் கீழே ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன்.

நோட்டைப் படமெடுக்கும்போது சன்னல் பக்கம் வைத்து, போனின் நிழல் தாளில் விழாமல் நேர்மேலிருந்து எடுங்கள். பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போனிலுள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்துங்கள். அழித்து எழுதிய தடம் தெரிந்தால் அதை மறைக்க வேண்டாம். பிள்ளை மனம் மாறிய இடம் அதுதான்.

கோப்பின் பெயரில் தேதி முதலில் வரட்டும்: '2025-07-14_ஆறாம் வகுப்பு_தசமம்_கரும்பலகை' என்பது போல. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அமையும். அன்றன்று பெயர் மாற்ற நேரமில்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலை பதினைந்து நிமிடம் போதும். அதற்கும் மேல் தள்ளிப்போட்டால் எந்த நோட்டு எந்த நாளுடையது என்பது நமக்கே மறந்துபோகும்.

மூன்றாம் படி: தேர்ந்தெடுத்தல்

சேர்ந்ததையெல்லாம் ஏற்றக்கூடாது. மாதத்துக்கு ஒரு பதிவு போதும். ஆண்டு முடியும்போது எட்டு அல்லது ஒன்பது நல்ல பதிவுகள் நிற்கும். சரியாக அமைந்த பாடத்தைக் காட்டத்தான் நமக்குக் கை நீளும், ஆனால் படிக்கிறவருக்குப் பயன்படுவது பெரும்பாலும் சறுக்கிய பாடம்.

நான்காம் படி: எழுதுதல்

இந்தப் படியில்தான் தொகுப்பு பிழைக்கிறது அல்லது வீணாகிறது. 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். கற்றல் இனிமையாக அமைந்தது' என்ற வகை வாக்கியங்களை நாம் அறிக்கைகளுக்காக எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அந்த வாக்கியத்திலிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளுக்கு விடையாக எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்திருக்கலாம்? அடுத்த முறை எதை மாற்றினேன், அதனால் என்ன ஆயிற்று? முந்நூறு, நானூறு சொற்களுக்கு மேல் போகத் தேவையில்லை.

என் தொகுப்பிலிருந்து ஒரு பதிவையே விரித்துச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் மாடு இல்லாத வீடு குறைவு. காலையில் பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. ஆகவே தசம ஒப்பீட்டுக்குப் பால் கணக்கு எழுதும் அட்டையையே எடுத்துக்கொண்டேன். ஓர் அட்டையில் எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவு, ஒரு நாள் 8.4 என்றும் மறுநாள் 8.35 என்றும் பேனாவால் எழுதியிருந்தது. எந்த நாள் அளவு கூடுதல் என்று கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் 8.35 என்றார்கள். "முப்பத்தஞ்சு பெருசு, நாலு சின்னதுங்க டீச்சர்" என்று முன்வரிசைப் பிள்ளை தெளிவாகவே காரணம் சொன்னாள்.

நான் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: 8.4-க்குப் பின்னால் ஒரு சுழியம் போட்டு 8.40 ஆக்கிக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குக் கொடுத்த பத்துக் கணக்கையும் சரியாகப் போட்டார்கள். பாடம் நன்றாக அமைந்தது என்று மேனுவலில் எழுதினேன். அடுத்த வாரம் 0.6, 0.125 இரண்டையும் கொடுத்தபோது, அதே பிள்ளைகள் 0.6-க்கு ஒரே ஒரு சுழியம் சேர்த்து 0.60 ஆக்கி, அறுபதைவிட நூற்றிருபத்தைந்து பெரிது என்று 0.125-ஐ வட்டமிட்டார்கள். அந்த நோட்டுப் பக்கத்தின் படம் என் தொகுப்பில் இருக்கிறது. ஒரு சுழியம் சேர்க்கும் வித்தையைப் பிள்ளைகள் சொன்னபடியே செய்தார்கள் என்பதும், தசமத்தைப் பற்றி அவர்கள் எதுவும் கற்கவில்லை என்பதும் அந்த ஒரு பக்கத்தில் தெரியும்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு விடை ஒலிப்பதிவில் கிடைத்தது. நானே வகுப்பு முழுவதும் 'எட்டு புள்ளி முப்பத்தைந்து' என்று வாசித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து என்ற முழு எண்ணைப் பிள்ளையின் காதில் போட்டதே நான்தான். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பதிவைக் கேட்ட பொள்ளாச்சி ஆசிரியை ஒருவர், "எட்டு புள்ளி மூன்று ஐந்து என்று வாசித்துப் பாருங்கள்" என்று குறிப்பு எழுதினார். பிறகு வாசிப்பை மாற்றினேன்; பத்துக்குப் பத்துக் கட்டம் போட்ட தாளில் 0.4-க்கு நாற்பது கட்டமும் 0.35-க்கு முப்பத்தைந்து கட்டமும் நிறம் தீட்ட வைத்தேன். அளவுக் குவளையில் அரை லிட்டர் நீரையும் 350 மில்லிலிட்டர் நீரையும் ஊற்றிக் காட்டி, 0.5, 0.35 என்று எழுத வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பழைய 0.6, 0.125 கணக்கையே மறுபடி கொடுத்தேன். எல்லோரும் சரியாகப் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தவறாகப் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தார்கள், அவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஒரு பதிவு இந்த அளவுக்கு இருந்தால் போதும். வேறு ஊரில் தசமம் நடத்தப் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

ஐந்தாம் படி: பிள்ளையின் பெயரும் முகமும்

தொடங்கிய காலத்தில் நான் ஒரு பிழை செய்தேன். தவறான விடைகள் நிறைந்த ஒரு நோட்டுப் பக்கத்தை, மேலே பெயர் எழுதியிருப்பதைக் கவனிக்காமல், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். படம் கைமாறி அந்தப் பிள்ளையின் உறவுக்காரர் ஒருவரிடம் போய், வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் நோட்டைக் கையால் மூடிக்கொண்டே எழுதினான். நான் மன்னிப்புக் கேட்டேன், அவன் தலையாட்டினான், கை விலகவில்லை.

ஆகவே இந்தப் படியைத் தாண்டாமல் எதையும் ஏற்றாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் கேட்பதற்காக மட்டும் அல்லாமல், பிள்ளையின் நம்பிக்கைக்காகவும் ஒப்புதல் வாங்குங்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு பக்கக் கடிதம் தயாரியுங்கள். எங்கள் பகுதியில் அப்பா மலையாளத்தில் படித்தவராகவும் அம்மா தமிழில் படித்தவராகவும் இருக்கும் வீடுகள் உண்டு. எனவே கடிதம் இரண்டு மொழியிலும் இருக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பி.டி.ஏ. கூட்டத்தில் நேரில் வாசித்துக் காட்டுங்கள். எதை ஏற்றுவோம், யார் பார்ப்பார்கள், எப்போது கேட்டாலும் நீக்கிவிடுவோம் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். பெற்றோர் கையெழுத்திட்ட பிறகும், பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நோட்டின் பெயர்ப் பகுதியைத் தாளால் மூடிவிட்டுப் படமெடுப்பது, பிறகு மென்பொருளில் அழிப்பதைவிடப் பத்திரமானது. முகம் தேவையே இல்லை. கையும் தாளும் போதும். ஒலிப்பதிவில் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடங்களை வெட்டிவிடுங்கள். படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகக்கூடும் என்பதால், கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். சாதி, குடும்ப வருமானம், நோய் போன்றவை குறிப்பில் எங்கும் வரக்கூடாது. 'அப்பா இல்லாத பிள்ளை' என்று இரக்கத்தோடு எழுதினாலும் அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கதை, நம்முடையது அல்ல.

ஆறாம் படி: எங்கே வைப்பது

எளிதாகத் தொடங்க, இணையதளம் அமைத்துத் தரும் கூகுள் சைட்ஸ் போதும். கட்டணம் இல்லை, போனிலும் சரியாகத் திறக்கும், குறிப்பிட்ட மின்னஞ்சல்காரர்கள் மட்டும் பார்க்கும்படி வெளியிடலாம், பொதுவில் வெளியிட்டாலும் தேடுபொறிகளில் காட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு. குறை ஒன்று: பக்கத்தின் அடியில் கருத்து எழுதும் இடம் அதில் கிடையாது. அதனால் நான் பதிவை கூகுள் டாக்ஸில் எழுதி, கருத்துச் சேர்க்கும் உரிமையோடு இணைப்பைத் தளத்தில் வைக்கிறேன். பொதுமக்களுக்கும் எழுத விரும்புகிறவர்களுக்கு வேர்ட்பிரஸ் வலைப்பதிவு நல்லது. பயிற்சிக் கல்லூரி அல்லது டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம்) போன்ற நிறுவனம் தன் சர்வரில் நிறுவித் தரமுடியுமானால், தொகுப்புக்கென்றே உருவாக்கப்பட்ட மஹாரா என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்த அந்த மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பார்வை உரிமை கொடுக்கலாம். கேரள அரசுக் கல்வித் துறையின் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனத்தின் பள்ளி விக்கி பள்ளியின் வரலாற்றுக்கும் செயல்பாடுகளுக்கும் ஏற்ற இடம். பிள்ளைகளின் தவறுகளை வைக்கும் இடம் அல்ல. அதே நிறுவனத்தின் சமக்ரா தளத்தில் தமிழ்வழிக்கான பாட வளங்கள் இருப்பதால், உங்கள் பதிவிலிருந்து அங்குள்ள பாடத்துக்கு இணைப்புக் கொடுத்தால் படிப்பவருக்கு வசதி.

எதில் வைத்தாலும் கணக்கு உங்கள் சொந்தக் கணக்காக இருக்கட்டும். பள்ளியின் கணக்கில் வைத்தால் மாறுதல் வரும்போது தொகுப்பு அங்கேயே நின்றுவிடும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தை ஜிமெயிலும் ஒளிப்படங்களும் சேர்ந்தே பங்குபோடுகின்றன; காணொளிகளைக் குறைத்து, படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். எல்லைப் பக்கம் சிக்னல் வந்து போகிற ஊர்களில் படிக்கிறவர்களுக்கும் அது உதவி.

ஏழாம் படி: எழுத்தும் மொழியும்

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வினாத்தாள்களை அப்படியே ஏற்றினால் மற்றவர் திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். தட்டச்சு பழகாதவர்கள் போனின் குரல்வழித் தட்டச்சில் பேசிவிட்டுத் திருத்தலாம். பேச்சு நடையில் வருவதால் குறிப்பு உயிரோடும் இருக்கும்.

ஒவ்வொரு தமிழ்ப் பதிவின் மேலேயும் மலையாளத்தில் மூன்று வரிச் சுருக்கம் வையுங்கள். தலைமையாசிரியர், எஸ்.ஆர்.ஜி. எனப்படும் பள்ளி ஆசிரியர் குழுக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள், கிளஸ்டர் பயிற்சியாளர் ஆகியோர் பெரும்பாலும் மலையாளம் படிப்பவர்கள். தமிழ்ப் பிரிவில் என்ன நடக்கிறது என்று தெரியாததாலேயே நம் பிள்ளைகளின் தேவை கூட்டங்களில் பேசப்படாமல் போகிறது. அந்த மூன்று வரி அதை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: பகிர்தல்

நூறு பேருக்கு இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் கட்டைவிரல் குறிகள்தான் திரும்பி வரும். மூன்று பேர் கொண்ட வட்டம் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். என் ஆலோசனை: ஒருவர் உங்களைப் போலவே கேரளத் தமிழ்வழிப் பள்ளியில் இருப்பவர், அது தேவிகுளம், பீர்மேடு பக்கத் தோட்டப் பள்ளியாகவும் இருக்கலாம், இன்னொருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனைமலை அல்லது பொள்ளாச்சியில், தமிழ்நாட்டுப் பாடநூலை வைத்து நடத்துபவர். ஒரே கருத்தை இரண்டு பாடநூல்களும் வெவ்வேறு சொல்லாலும் வெவ்வேறு வரிசையிலும் அணுகும் இடங்கள் வரும். அந்த வேறுபாட்டைப் பேசும்போதுதான் நம் பாடநூல் எந்த இடத்தில் பிள்ளையைக் கைவிடுகிறது என்பது தெரிகிறது.

கருத்துக் கேட்கும்போது 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'அருமை' என்ற விடைதான் வரும். 'ஒலிப்பதிவின் இரண்டாம் நிமிடத்தில் நான் சொன்ன விளக்கம் பிள்ளைக்கு எப்படிக் கேட்டிருக்கும்?' என்று இடம் சுட்டிக் கேளுங்கள். கருத்துச் சொல்கிறவர் முதலில் தாம் கண்டதை மட்டும் எழுதவேண்டும், பிறகு ஒரு கேள்வி கேட்கவேண்டும், அறிவுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வயதில் மூத்த ஆசிரியரின் பாடத்தைப் பற்றி இளையவர் எழுதத் தயங்குவது நம் பழக்கம். மூத்தவரே தம் சறுக்கலை முதலில் பகிர்ந்தால் அந்தத் தயக்கம் விலகும்.

பிறர் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று விரும்பினால், நீங்கள் தயாரித்த ஒர்க்‌ஷீட்டுகளுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றை எழுதிவையுங்கள்; பெயரைக் குறிப்பிடவேண்டும், மாற்றினால் அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்ற வகை ஆசிரியர்களுக்குப் பொருத்தமானது. பாடநூல் பக்கங்களையும் பிறர் வரைந்த படங்களையும் அந்த உரிமத்துக்குள் சேர்க்கக்கூடாது. பிள்ளைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உரிமையாளர்கள் பிள்ளைகளே.

ஒன்பதாம் படி: ஏப்ரலில் செய்ய வேண்டியவை

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து வாசியுங்கள். ஜூனில் எழுதிய கேள்விக்கு எந்த அளவு விடை கிடைத்தது என்பதை ஒரு பக்கம் எழுதி முதல் பக்கமாக வையுங்கள். கூகுளின் டேக்அவுட் வசதி வழியாக முழுத் தொகுப்பையும் இறக்கி, ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் இன்னொன்றை வீட்டுக் கணினியிலும் வையுங்கள். இணைப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளி மாறிப்போகும் பிள்ளைகளின் பெற்றோரிடம், பதிவு இருக்கலாமா என்று மறுபடி கேட்டு, வேண்டாம் என்றவர்களுடையதை நீக்குங்கள். தேர்ந்தெடுக்கப்படாத படங்களையும் ஒலிப்பதிவுகளையும் போனிலிருந்தும் டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள்; குப்பைத் தொட்டியிலும் அவை இருக்கும், அதையும் காலி செய்யுங்கள். பிறகு வட்டத்திலுள்ள இருவரையும் போனில் அழைத்து, வரும் ஜூனுக்கு ஆளுக்கொரு கேள்வி சொல்லச் சொல்லி, மூன்றையும் புதிய ஆண்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.